திரி எது, எவ்வளவு, எப்படி? காயில் கட்டுவோருக்கான கேள்வி பதில்

சொந்தமாகக் காயில் (சூடேறும் கம்பிச் சுருள்) கட்டிப் பஞ்சு வைத்து வேப் (மின்சிகரெட்) பயன்படுத்துவோர் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இவை. சிகரெட்டை விடுவதற்காக இதற்கு வந்த பெரியவர்களுக்கு மட்டும். புகைக்காதவர் இதைத் தொட ஒரு காரணமும் இல்லை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதன் விற்பனை, இறக்குமதி, இருப்பு எல்லாம் குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். எனவே இது பிரிட்டன், கனடா போல அனுமதி உள்ள நாடுகளில் இருப்போருக்கு.

ஹாரோவிலிருந்து: அண்ணா, கடையில பத்து வகைப் பஞ்சு வச்சிருக்காங்க. எல்லா பாக்கெட்லயும் "சுவை அள்ளும்"னுதான் போட்டிருக்கு. எதை வாங்குறது?

வாசனை, லோஷன் எதுவும் சேராத சுத்தப் பருத்தி எதுவானாலும் வேலை நடக்கும். புதியவர்களுக்கு ஜப்பானியப் பருத்திப் பட்டையைச் சொல்வேன். முகம் துடைக்க விற்கும் அதே சதுரப் பட்டைதான். விலை குறைவு, அளவாக வெட்டலாம். வேப் கடைகளில் தனிப் பெயரில் வரும் பஞ்சுகளில் இழைகளை ஒரே திசையில் சீவி வைத்திருப்பார்கள். உதிராது, முதல் சில இழுப்பில் பஞ்சு வாசனை குறைவு. அந்த வசதிக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் காயிலுக்குள் எவ்வளவு பஞ்சு, காயிலுக்கு வெளியே நீளும் பஞ்சு வால் எங்கே போய் உட்காருகிறது என்ற இரண்டையும் சரியாகச் செய்தால் சாதாரணப் பட்டையே உயர்ந்த பஞ்சுக்கு ஈடுகொடுக்கும். இரண்டும் தவறினால் எந்த பாக்கெட்டும் காப்பாற்றாது.

திரி, அதாவது காயிலுக்குள் வைத்த பஞ்சு, லிக்விட்டைக் காயிலுக்குக் கொண்டுவருவதோடு காயிலின் சூட்டையும் கட்டுக்குள் வைத்திருக்கிறது. லிக்விட்டின் இரு அடிப்படைத் திரவங்களில் பிஜி (புரொப்பிலீன் கிளைகால்) 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், விஜி (தாவரக் கிளிசரின்) 290 டிகிரியில். திரி நனைந்திருக்கும் வரை சூடு முழுவதும் லிக்விட்டை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஓர் இடம் காய்ந்தால் அங்கே சூடு மளமளவென்று ஏறும். பருத்தி கருகும், கிளிசரின் சிதைந்து அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். தொண்டையைக் கீறும் கசப்பு இழுப்பு அதுதான். அப்படி ஒன்று வந்தால் அடுத்த இழுப்பு வேண்டாம், பஞ்சை மாற்றுங்கள்.

கோவென்ட்ரியிலிருந்து: 3 மி.மீ. உள்விட்டக் காயிலுக்கு எவ்வளவு பஞ்சு என்று அளவாகச் சொல்ல முடியுமா?

முடியும். ஜப்பானியப் பட்டையின் இரு பக்கமும் மெல்லிய தோல் போல அழுத்திய படலம் இருக்கும், அதை உரித்து எடுங்கள். அடுத்து இழை ஓடும் திசையைப் பாருங்கள். விளிம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒரு பக்கம் சுலபமாகப் பிரியும், மறுபக்கம் அடம்பிடிக்கும். சுலபமாகப் பிரியும் வாக்கிலேதான் இழைகள் ஓடுகின்றன. அந்த வாக்கிலேயே 8 முதல் 10 மி.மீ. அகலத்துக்குக் கீற்றாக வெட்டுங்கள். 2.5 மி.மீ. காயில் என்றால் 6 முதல் 8 மி.மீ. போதும். இவை தொடக்க அளவுகள். பட்டையின் தடிமன் பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் கடைசித் தீர்ப்பைக் கைதான் சொல்லவேண்டும்.

கீற்றின் ஒரு முனையை முறுக்கிக் கூராக்கிக் காயிலுக்குள் விட்டு, முறுக்கிய திசையிலேயே திருப்பிக்கொண்டு இழுங்கள். பஞ்சு நகரும்போது காயில் லேசாக அதிரவேண்டும், ஆனால் வளையக்கூடாது. காயில் பஞ்சோடு சேர்ந்து வந்தால் அதிகம். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. உள்ளே போனதும் முன்னும் பின்னும் ஒரு தடவை இழுத்துவிடுங்கள், நடுவில் திரண்ட முடிச்சு கலையும்.

குறைவாக வைப்பதும் கருகலைத் தரும். பஞ்சு தொடாத கம்பிச் சுற்று தனியாகச் சூடேறி, பக்கத்தில் இருக்கும் பஞ்சைச் சுடும். கருகினால் உடனே பஞ்சைக் குறைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

லூஷியத்திலிருந்து: அண்ணை, டேங்க் ரெண்டு நாளா ஒழுகுது. பஞ்சைக் கூட்டினால் கருகுது. நடுவிலை நிக்குதே இல்லை. என்ன செய்யலாம்?

உங்கள் குழப்பம் காயிலுக்குள் இல்லை, வாலில் இருக்கிறது. டேங்கில் லிக்விட்டைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தக் குறைவு. நீங்கள் இழுக்கும்போது லிக்விட் வெளியே போகும், அதற்கு ஈடாகக் காற்று திரி வழியாகக் குமிழியாக உள்ளே ஏறவேண்டும். வால் கெட்டியாக அடைத்துக்கொண்டால் காற்று ஏறாது, வெற்றிடம் கூடிக்கொண்டே போய் லிக்விட் நின்றுவிடும். அதுதான் உங்கள் கருகல். வால் மெலிந்து லிக்விட் வரும் துவாரத்தை மூடாமல் நின்றால் காற்று தாராளமாக ஏறும், லிக்விட் தாராளமாக இறங்கும். அது ஒழுகல்.

ஆகவே காயிலுக்குள் இருக்கும் அளவைக் குறைக்காதீர்கள். வாலை மட்டும் திருத்துங்கள். வால் டெக்கின் (காயிலைப் பொருத்தும் தட்டு) வெளி விளிம்பைத் தொடும் நீளத்துக்குச் சாய்வாக வெட்டுங்கள். ஊசியாலோ மெல்லிய சீப்பாலோ வாலைச் சீவி, அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு இழையை உருவிவிடுங்கள். பிறகு லிக்விட் துவாரத்தின் வாயில் இறக்கி வையுங்கள். துவாரத்தை மூடவேண்டும், அதற்குள் திணிக்கக்கூடாது. மூடியைப் போடுவதற்கு முன் சில துளி விட்டு நனைத்துப் பாருங்கள். நனைந்த வால் தானாகச் சரிந்து வாயை மூடினால் அளவு சரி.

நிரப்பி ஐந்து நிமிடம் நிற்கவைத்துப் பிறகு இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் இரண்டு மூன்று சின்னக் குமிழ் மேலே போனால் நலம். குமிழே இல்லையென்றால் அடைப்பு. இழுக்காதபோதும் குமிழ் வந்துகொண்டே இருந்தால் கசிவு நடந்துகொண்டிருக்கிறது. வால் சரியாக இருந்தும் ஒழுகினால் ஓ-ரிங் கிழிந்திருக்கிறதா, நிரப்பும்போது லிக்விட் கட்டுப்பாட்டு வளையத்தை மூடினீர்களா என்று பாருங்கள். விமானம் மேலே ஏறும்போது ஒழுகுவதற்குப் பஞ்சு பொறுப்பல்ல, அறையின் அழுத்தம் குறைவதால் டேங்கின் உள்ளே இருக்கும் காற்று விரிந்து லிக்விட்டைத் தள்ளுகிறது. டேங்கைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள்.

அதே இடத்திலிருந்து: டிரிப்பருக்கும் இதே முறையா?

இல்லை. டிரிப்பரில் டேங்க் இல்லை, லிக்விட்டை மேலிருந்து துளித்துளியாக விடுகிறோம். அதனால் வெற்றிடக் கணக்கு கிடையாது. வாலைச் சீவவேண்டியதில்லை. லிக்விட் தேங்கும் கிணற்றின் தரையைத் தொடும் நீளம் விட்டு மடித்து வையுங்கள். காயிலுக்கு நேர் கீழே காற்று வரும் வழியைப் பஞ்சு மறைக்காமல் இருந்தால் போதும்.

ஸ்கார்பரோவிலிருந்து: ரேயான் பருத்தியைவிடச் சிறந்தது என்கிறார்கள். உண்மையா?

அதிக வாட்டில் இழுப்பவர்களுக்கு உண்மை. ரேயான் மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ், சலூன்களுக்கு நீளச் சுருளாக வரும். இழை வழவழப்பாக நேராக ஓடுவதால் லிக்விட் விரைந்து ஏறும், சுவையும் கொஞ்சம் துலக்கமாக இருக்கும். பருத்தி நனைந்தால் உப்பிக் காயிலை நிறைக்கும். ரேயான் நனைந்தால் துவண்டு அமுங்கும். அதனால் பருத்திக்குச் சொன்ன "லேசாக அதிரவேண்டும்" என்ற அளவு இங்கே செல்லாது. உலர்ந்த நிலையில் இறுக்கமாக, காயிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இழுக்கவேண்டிய அளவுக்கு வையுங்கள். பருத்தி அளவில் ரேயானை வைத்துவிட்டு "ரேயான் கருகுகிறது" என்று முடிவுகட்டுபவர்கள்தான் அதிகம். நனைந்த ரேயானுக்கு வலு குறைவு, பின்னால் சரிசெய்ய இழுத்தால் அறுந்துவரும். முதலிலேயே சரியாக வைத்துவிடவேண்டும்.

ஹாரோவிலிருந்து இன்னொருவர்: ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த இலவம் பஞ்சு நிறைய இருக்கிறது. சுத்தமானதுதானே, வைக்கலாமா?

வைக்காதீர்கள். இலவம் பஞ்சின் இழை மெழுகு பூசியது, உள்ளே வெறும் காற்றுக் குழல். தண்ணீரில் மிதக்கும் என்பதாலேயே ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைகளில் அடைத்தார்கள். திரிக்கு வேண்டிய குணத்துக்கு நேர் எதிரானது. செடியிலிருந்து பறித்த பச்சைப் பருத்தியும் அப்படித்தான், மேலே இயற்கை மெழுகு இருக்கும். காரத்தில் வேகவைத்து மெழுகை நீக்கிய பிறகுதான் அது உறிஞ்சும் பஞ்சாகிறது. வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்தால் முழுதாகப் போகாது.

மருந்துக் கடையில் கிடைக்கும் உறிஞ்சும் பஞ்சு ஏற்கனவே மெழுகு நீக்கியது, அவசரத்துக்கு ஆகும். அதைக் கொதிக்கவைக்கவும் வேண்டாம். கொதித்துக் காய்ந்த பஞ்சு கட்டிதட்டும், அப்புறம் இழையைச் சீவுவது பெரும்பாடு. சூப்பர் மார்க்கெட்டின் பஞ்சு உருண்டைகளில் மட்டும் கவனம் தேவை, சிலவற்றில் பாலியஸ்டர் இருக்கும். ஒரு துணுக்கை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியானால் பிளாஸ்டிக், குப்பையில் போடுங்கள்.

மிசிசாகாவிலிருந்து: குளிர்காலம் வந்தாலே கருகுகிறது. வெயில் காலத்தில் இதே பஞ்சு, இதே காயில் நன்றாக இருந்தது.

25 டிகிரியிலேயே விஜி, பிஜியைவிட ஏறக்குறைய 20 மடங்கு கெட்டி. குளிர்ந்தால் இன்னும் கெட்டிப்படும். கெட்டியான லிக்விட் திரியில் மெதுவாகத்தான் ஏறும், நீங்கள் இழுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். 80/20 (விஜி 80, பிஜி 20) பயன்படுத்தினால் குளிர்காலத்துக்கு 60/40-க்கு மாறுங்கள். வாலை இன்னும் கொஞ்சம் சீவுங்கள். இரண்டு இழுப்புக்கு நடுவே அரை நிமிடம் விடுங்கள்.

சிலிக்கா கயிறு, ஸ்டீல் மெஷ், செராமிக் இதெல்லாம் இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

குறைவு. சிலிக்கா கயிறு 2010-களின் தொடக்கத்தில் பெரும்பாலான காயில்களில் இருந்தது. கருகாது என்பது அதன் ஒரே நன்மை. வெட்டும் இடத்தில் கண்ணாடி போல இழை நொறுங்கும், அது மூச்சில் போகவேண்டிய பொருள் அல்ல. செராமிக் கயிற்றையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன். மெஷ், டேங்குக்கு மேலே காயில் நிற்கும் ஜெனசிஸ் வகைக்கு உரியது. 400 எண் துருப்பிடிக்காத எஃகு வலையை நடுவில் ஊசி நுழையும் துளை விட்டுச் சுருட்டி, தீயில் காட்டி மேலே ஆக்சைடு படலம் உண்டாக்கவேண்டும். அந்தப் படலம்தான் கம்பிக்கும் வலைக்கும் நடுவே மின்காப்பு. ஓர் இடத்தில் உரிந்தாலும் ஷார்ட் ஆகும், சுற்று ஒன்று மட்டும் செக்கச் சிவக்கும். பருத்தி இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது அந்தப் பாடு தேவையில்லை.

வெப்பக் கட்டுப்பாட்டில் பருத்திக்கு எத்தனை டிகிரி?

எஸ்எஸ் 316 எல் (துருப்பிடிக்காத எஃகு) கம்பியில் 200-இல் தொடங்குங்கள், 220-க்கு மேல் போகவேண்டாம். உலர்ந்த பருத்தி அதற்கு மேல் பழுப்பாகத் தொடங்கும். மோட் (பேட்டரி உள்ள கருவி) காட்டும் டிகிரி உண்மையா என்று பார்க்க வழி உண்டு. புதுப் பஞ்சை நனைக்காமல் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, 200-இல் ஒரு நொடி மட்டும் அழுத்துங்கள், இழுக்காதீர்கள். பஞ்சு வெள்ளையாகவே இருக்கவேண்டும். பழுப்பானால் கம்பி வகையைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள், அல்லது காயில் சூடாக இருக்கும்போதே ஓம் அளவைப் பூட்டியிருக்கிறீர்கள். அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு மறுபடி பூட்டுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றவேண்டும்?

இனிப்பூட்டி இல்லாத லிக்விட்டுக்கு ஒரு வாரம். சுக்ரலோஸ் கலந்த கேக், கஸ்டர்ட் வகைக்கு ஒன்றிரண்டு நாள். சுக்ரலோஸ் ஆவியாகாமல் கம்பியில் கரியாகப் படியும், அந்தக் கரி பஞ்சுக்கும் கம்பிக்கும் நடுவே நிற்கும். பஞ்சு காயிலைத் தொடும் இடம் கரும்பழுப்பானால் நாள் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள்.

பழைய பஞ்சில் நிக்கோட்டின் இருக்கிறது. கையுறை போட்டு எடுத்து, உறையில் சுற்றி, குழந்தையும் நாயும் எட்டாத குப்பைத் தொட்டியில் போடுங்கள். காயிலைச் சுத்தம் செய்வதானால் பஞ்சு முழுவதையும் எடுத்த பிறகு குறைந்த வாட்டில் விட்டு விட்டு அழுத்திக் கரியை எரித்து, ஆறியபின் தண்ணீரில் கழுவித் துலக்குங்கள். சிவக்கச் சிவக்கக் காய்ச்சவேண்டாம்.

வூல்விச்சிலிருந்து: பஞ்சு மாற்றிய பிறகு ஓம் அளவு ஏறி இறங்குகிறது. பஞ்சு ஈரம் காரணமா?

லிக்விட் ஓம் அளவை அப்படி மாற்றாது. பஞ்சை இழுக்கும்போது காயிலின் கால் (திருகில் மாட்டும் கம்பி முனை) தளர்ந்திருக்கும், அல்லது கால் நுனி டெக்கையோ மூடியையோ தொடுகிறது. 26 கேஜ் காந்தல் கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், 7 சுற்று என்றால் ஏறக்குறைய 0.9 ஓம் வரவேண்டும். 0.3 காட்டினால் எங்கோ ஷார்ட். திருகை இறுக்கி, நுனியை ஒட்ட வெட்டி மறுபடி அளந்து பாருங்கள். மின்னணுப் பாதுகாப்பு இல்லாத மெக்கானிக்கல் மோட் வைத்திருந்தால் அளக்காமல் அழுத்தவே கூடாது. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், 0.2 ஓம் காயில் 21 ஆம்பியர் இழுக்கும். 20 ஆம்பியர் பேட்டரிக்கு அது எல்லை தாண்டிய சுமை.