கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டை வைத்து ஆன்லைனில் பேச்சிலர்ஸ் முடிக்க முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறேன். இங்கே கவுண்டி காலேஜில் (கம்யூனிட்டி காலேஜுக்கு இங்குள்ள பெயர்) பிசினஸ் படித்து 45 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குத் தரும் அலகு) சேர்த்திருக்கிறேன். கணவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வரும்போல் இருக்கிறது. அசோசியேட் டிகிரியை (இரண்டு வருடப் பட்டம்) முடித்துவிட்டு மாறுவதா, இப்போதே ஆன்லைன் யுனிவர்சிட்டியில் சேர்ந்துவிடுவதா? இந்தியாவில் ஒரு வருடம் காலேஜ் படித்த மார்க் ஷீட்டும் இருக்கிறது, அது உதவுமா?

பதில்:

முடியும். நான் அப்படி முடித்தவள்தான். உங்கள் கேள்வியைப் படித்தபோது ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

கரூரில் பி.காம். முதல் வருடத்தோடு நிறுத்திவிட்டுக் கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்தேன். பெண்ணைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு, அவள் வீடு திரும்புவதற்குள் இருக்கும் நேரத்தில் கவுண்டி காலேஜ் போய்வந்தேன். நான்கு வருடத்தில் 57 கிரெடிட். அசோசியேட் டிகிரிக்கு 60 வேண்டும், அதாவது இன்னும் ஒரே ஒரு கோர்ஸ். அந்த நேரத்தில் கணவரின் பிராஜெக்ட் டெக்ஸாஸுக்கு மாறியது. பெட்டி கட்டும் அவசரத்தில் அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன். டெக்ஸாஸில் இருந்தபடியே அதே காலேஜில் ஆன்லைனில் அதை முடித்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவும் இல்லை, சொல்வதற்கும் ஆள் இல்லை.

ஆன்லைன் யுனிவர்சிட்டி ஒன்றில் விண்ணப்பித்தேன். பத்து நாளில் கடிதம் வந்தது: 57 கிரெடிட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீட்டில் பாயசம் வைத்தோம். பேச்சிலர்ஸுக்கு வேண்டிய 120-ல் 57 போனால் 63 பாக்கி, வருடத்துக்கு இவ்வளவு, மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்று ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டிக் கணக்குப் போட்டாயிற்று.

முதல் டெர்ம் ஆரம்பித்த பிறகுதான் டிகிரி ஆடிட் என்ற ஒன்றைத் திறந்து பார்த்தேன். பட்டத்துக்கு என்னென்ன பாடம் வேண்டும், நம்முடைய எந்தக் கோர்ஸ் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. பெண்ணுடைய மஞ்சள் ஹைலைட்டரை எடுத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். 39 கிரெடிட் சரியான கட்டத்தில் இருந்தது. மீதி 18 மொத்தமாக "பொது எலெக்டிவ்", அதாவது எந்தப் பாடமாகவும் இருக்கலாம் என்ற விருப்பப் பாடக் கட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. என் படிப்பில் பொது எலெக்டிவுக்கு இருந்த இடமே 9 கிரெடிட்தான். ஆக, இன்னொரு 9 கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் (படித்த பாடங்கள், கிரேடுகளின் பட்டியலில்) அழகாகத் தெரியும், பட்டத்துக்கு மட்டும் உதவாது.

கல்யாணத்துக்கு வரும் எவர்சில்வர் பாத்திரங்களை நாம் வேண்டாம் என்றா சொல்கிறோம்? வாங்கி, நன்றி சொல்லி, பரணில் ஏற்றிவிடுகிறோம். யுனிவர்சிட்டி செய்வதும் அதுதான். ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்தின் கணக்கில் வைப்பது வேறு. நான் சேர்ந்த இடத்தில் ஒரு கிரெடிட் 310 டாலர். பரணில் ஏறிய 9 கிரெடிட்டுக்குப் பதில் வேறு கோர்ஸ் எடுத்தால் 2,790 டாலர். ஆகவே "என் கிரெடிட் எல்லாம் மாறுமா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். மாறும் என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. "என்னுடைய ஒவ்வொரு கோர்ஸும் இந்த மேஜரில் (முதன்மைப் படிப்பில்) எந்தப் பாடத்துக்குப் பதிலாகப் போகும், பட்டத்துக்கு இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், சேருவதற்கு முன்னாலேயே வரட்டும். பல இடங்களில் அன்அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்டை வைத்தே இலவசமாக இதைப் போட்டுத் தருகிறார்கள்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. அமெரிக்க காங்கிரஸுக்காக வேலை செய்யும் தணிக்கை அலுவலகம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்திருக்கிறார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. அதைப் படித்தபோது, பாவி, இவ்வளவு பேரா என்றுதான் தோன்றியது.

சரி, பரணில் இருந்து எதையாவது இறக்க முடியுமா? முடியும், சிலபஸ் கையில் இருந்தால். நான் கவுண்டி காலேஜில் எடுத்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கணக்குத் துறையின் கோர்ஸ். யுனிவர்சிட்டி கேட்டது பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பெயர் ஒத்துப்போகவில்லை என்று எலெக்டிவில் தள்ளிவிட்டார்கள். போனில் பேசிய அட்வைசர் தங்கமான பெண்மணி, ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை. முடிவு செய்வது துறை. பழைய மெயிலைக் குடைந்து அந்த சிலபஸைத் தேடி எடுத்தேன். எந்த வாரம் என்ன பாடம், எந்தப் புத்தகம், ஹைப்பாதிஸிஸ் டெஸ்டிங் எப்போது, ரிக்ரெஷன் எப்போது என்று அதில் இருந்தது. யுனிவர்சிட்டியின் சொந்த கோர்ஸ் விவரத்தை இடப்பக்கமும் என்னுடையதை வலப்பக்கமும் வைத்து ஒரு பக்க அட்டவணை போட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரி பதில்: அப்ரூவ்ட். அந்தத் தெம்பில் பிசினஸ் லாவுக்கும் அதையே செய்தேன், அதுவும் கிடைத்தது. ஆறு கிரெடிட் இறங்கியது.

கடைசி வரை இறங்காதது மூன்று கிரெடிட். ஆசைக்கு எடுத்த செராமிக்ஸ் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் செய்த கோணல் ஜாடியில்தான் இன்றும் கல் உப்பு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

அதனால் முதல் வேலையாக நீங்கள் எடுத்த எல்லாக் கோர்ஸின் சிலபஸையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் போடுங்கள். காலேஜை விட்டுக் கொஞ்ச நாள் ஆனால் மாணவர் லாகின் மூடிவிடும். அப்புறம் பழைய பேராசிரியருக்கு மெயில் எழுதிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. அசோசியேட்டை முடியுங்கள். நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். இதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, நியூ ஜெர்சியில் 2007-ல் வந்த சட்டத்தின்படி, அந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். (அசோசியேட் டிகிரியின் இரண்டு வகைகள்) முடித்தவர்களின் கிரெடிட்டை மாநிலத்தின் அரசு நான்கு வருடக் கல்லூரிகள் பட்டத்தின் முதல் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். முடித்தால்தான் இந்தப் பாதுகாப்பு, 57-ல் நின்றால் இல்லை. ஏ.ஏ.எஸ். என்று நடுவில் இன்னொரு எழுத்து கூடியிருந்தால் அதற்கும் இல்லை. அது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கான தொழில் படிப்பு. உங்கள் பிசினஸ் படிப்பு எந்த வகை என்று இன்றே பாருங்கள், இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர். மாநிலத்துக்கு வெளியே இருக்கும் யுனிவர்சிட்டியை நியூ ஜெர்சி சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊர் மாறினாலும் நியூ ஜெர்சி யுனிவர்சிட்டியில் ஆன்லைனில் சேரலாம் என்பது வேறு விஷயம். டிரென்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி 1972-ல் தொடங்கியதே நம்மைப் போல வேலை, குடும்பம் என்று இருக்கும் பெரியவர்களுக்காகத்தான்.

இரண்டாவது, வெளி மாநிலத்திலும் பல யுனிவர்சிட்டிகள் ஏ.ஏ., ஏ.எஸ். முடித்து வந்தால் பொதுப் பாடங்கள் மொத்தமும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். முடிக்காமல் வந்தால் ஒவ்வொரு கோர்ஸாகப் பிரித்துத் தேடுவார்கள். எனக்கு அதில்தான் இரண்டு பொதுப் பாடம் கூடுதலாக எடுக்க வேண்டி வந்தது.

அதற்காக 60-ஐத் தாண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கவுண்டி காலேஜிலேயே சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். எல்லா இடத்திலும் உச்சவரம்பு உண்டு. அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி கம்யூனிட்டி காலேஜில் இருந்து பொதுவாக 64 வரைதான் எடுக்கும். மேரிலாந்து குளோபல் கேம்பஸ் மொத்தம் 90 எடுக்கும், அதில் இரண்டு வருடக் கல்லூரியின் பங்கு 70-ஐத் தாண்டக் கூடாது. சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் 90 வரை எடுக்கும். இந்த எண்கள் மாறக்கூடியவை, நீங்கள் சேரும் வருடத்தின் கேட்டலாகில் (யுனிவர்சிட்டியின் விதிக் கையேட்டில்) ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு எதுவானாலும் குறைந்தது 30 கிரெடிட்டாவது அவர்களிடமே படிக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. இது போக 300, 400 எண்ணுள்ள மேல்நிலைப் பாடங்கள் இத்தனை வேண்டும் என்ற கணக்கும் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் பொதுவாகக் கிடைப்பது 100, 200 மட்டும்.

சின்னச் சின்ன ஓட்டைகளும் உண்டு. கிரேடு சி-க்குக் கீழே போனால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் போடும் அடிப்படைக் கணக்கு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான இ.எஸ்.எல். வகுப்புகள் பட்டத்துக்குச் சேராது. என் அக்கவுண்டிங் இங்கே 4 கிரெடிட், அங்கே 3, மிச்சம் ஒன்று பொது எலெக்டிவுக்குப் போனது. மாற்றல் சியாட்டில் பக்கம் என்றால் இதையும் கவனியுங்கள்: வாஷிங்டன் மாநிலக் கல்லூரிகளில் பெரும்பாலும் செமஸ்டர் இல்லை, அதைவிடச் சின்ன டெர்மான குவார்ட்டர் கணக்கு. அவர்களுடைய 90 நம்முடைய 60-க்குச் சமம். தெரியாமல் பார்த்தால் தலை சுற்றும்.

அக்ரெடிடேஷன், அதாவது கல்லூரிக்கான அங்கீகாரம் பற்றி ஒரு வார்த்தை. ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும் எல்லாக் கல்லூரியும் கல்லூரி இல்லை. உங்கள் கவுண்டி காலேஜுக்கு மிடில் ஸ்டேட்ஸ் என்ற பிராந்திய அமைப்பின் அங்கீகாரம் இருக்கும். போகும் இடத்துக்கும் அதற்கு இணையான பழைய பிராந்திய அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். 2020-ல் அரசு பிராந்தியம், தேசியம் என்ற பிரிவினையை எடுத்துவிட்டது. ஆனாலும் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது பல யுனிவர்சிட்டிகள் இன்னும் அதைப் பார்க்கின்றன.

விசா விஷயத்தில் எச்-4 நமக்கு வசதி. படிக்கத் தனி அனுமதி வேண்டாம், முழுக்க ஆன்லைனிலும் படிக்கலாம். மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறிக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். எஃப்-1 மாணவருக்கு ஒரு டெர்மில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட்தான் முழுநேரக் கணக்கில் சேரும். இங்கே இருந்துகொண்டு முழு ஆன்லைன் பட்டம் அந்த விசாவில் நடக்காது. எச்-4-ல் நமக்குள்ள கஷ்டம் பணம். அரசு உதவித்தொகையான பெல் கிராண்ட், அரசுக் கடன் எதுவும் கிடைக்காது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். யுனிவர்சிட்டி தன் பணத்தில் தரும் டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப்புக்குச் சில இடங்களில் விசா பார்ப்பதில்லை, கேட்டுப் பாருங்கள்.

செலவைக் குறைக்க எனக்குக் கைகொடுத்தது வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் வாங்கித் தரும் கிளெப் தேர்வு. காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது. 80-க்கு 50 எடுத்தால் போதும் என்று பல யுனிவர்சிட்டிகள் கிரெடிட் தருகின்றன. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு பாடத்தையும் இலவசமாகத் தந்து, முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரும் தருகிறது. நான் மார்க்கெட்டிங் எழுதினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறு வாரம் படித்தேன், 3 கிரெடிட், ஏறக்குறைய காசே செலவில்லை. எழுதுவதற்கு முன் அது எந்தக் கட்டத்தில் உட்காரும் என்று அட்வைசரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சூடு கண்ட பூனை அல்லவா.

இந்திய மார்க் ஷீட் உதவுமா என்று கேட்டீர்கள். உதவலாம். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் வெஸ் மாதிரியான அமைப்பில் கோர்ஸ் வாரியாக மதிப்பீடு செய்து அனுப்ப வேண்டும். அதற்கு இந்திய யுனிவர்சிட்டியில் இருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேராகப் போக வேண்டும், நம் கையில் இருக்கும் மார்க் ஷீட் நகல் மட்டும் போதாது. கட்டணம் கட்டுவதற்கு முன், நீங்கள் சேரப்போகும் இடம் எந்த அமைப்பின் மதிப்பீட்டை ஏற்கும் என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வருடத்தில் ஆங்கிலம், கணக்கு மாதிரி உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கும் பாடம் ஏதாவது இருந்தால் செய்யுங்கள். பாக்கி இல்லாத பாடம் என்றால் அதுவும் பரணுக்குத்தான் போகும். நான் செய்யவில்லை. முதல் வருட டிரான்ஸ்கிரிப்டுக்காக முழங்கால் வலியோடு இருந்த அப்பாவை யுனிவர்சிட்டிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைய விட மனசு வரவில்லை. உங்கள் யுனிவர்சிட்டியில் ஆன்லைனில் விண்ணப்பிக்கும் வசதி வந்திருந்தால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இருக்காது.