மார்கழி விடியலும் பைபாஸ் ரோட்டுப் புகையும்

கேள்வி: மதுரை பொன்மேனியில், பைபாஸ் ரோட்டை ஒட்டிய தெருவில், முதல் மாடியில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு 9 வயது. கார்த்திகை பிறந்தால் போதும், தை முடியும்வரை ராத்திரியில் இருமல், விடியற்காலையில் வீசிங். டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பழகிவிடும் என்ற பயத்தில், இழுப்பு வரும்போது நீல நிறத்தை மட்டும் அடிக்கிறோம். மாமனாருக்கு 67 வயது. மூன்று வருடத்துக்கு முன்பு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் காலை 5.30 மணிக்கு பைபாஸ் ரோட்டில் நடக்கப் போகிறார். மார்கழிக் காற்றில் ஓசோன் இருக்கிறது, நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லிப் பேரனையும் எழுப்பிக் கூட்டிப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். மதுரைக் காற்று அவ்வளவு மோசமா? மெஷின் வாங்கலாமா, வீட்டையே மாற்றிவிடலாமா?

பதில்: மெஷினுக்குப் பிறகு வருகிறேன். முதல் வேலையாக அந்த 5.30 மணி நடையை மாற்றுங்கள். நடப்பதை விடச் சொல்லவில்லை. நேரமும் இடமும்தான் மாற வேண்டும். மருமகள் சொல்லி மாமனார் கேட்பாரா என்ற தயக்கம் இருந்தால், இந்த பதிலை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்கே நேராகச் சொல்கிறேன்.

ஐயா, மார்கழியில் ஓசோன் கீழே இறங்கி வருகிறது என்று நம் பக்கத்தில் சொல்லாத வீடு இல்லை. என் அப்பாவும் சொல்லித்தான் எங்களை எழுப்புவார். ஆனால் நல்லது செய்கிற ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதன் வேலை. மார்கழி பிறந்தது என்று அது தெருவுக்கு வருவதில்லை. தரையில் உண்டாகும் ஓசோன் வேறு விதமாக வருவது. வண்டிப் புகையில் இருக்கிற வாயுக்கள் வெயிலில் வெந்து உருவாவது அது. ஆகவே மதியத்துக்கு மேல்தான் அது கூடும், விடியலில் இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் நெஞ்சுக்கு மருந்தல்ல. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளப்புகிற வாயு அது.

மார்கழி விடியலின் உண்மையான பிரச்சினை வேறு. பகலில் வெயில் பட்டுச் சூடான தரைக்காற்று மேலே எழும்பும்; புகையையும் தூக்கிக்கொண்டு போகும். பனிக்கால ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படுத்துக்கொள்கிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாக இருப்பதால் பானைக்கு மூடி போட்டது போல ஆகிவிடும். ராத்திரி முழுக்க பைபாஸில் ஓடிய லாரிகளின் புகை, தெருமுனையில் எரித்த குப்பையின் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே கிடக்கும். வெயில் ஏறி, 8 அல்லது 9 மணிவாக்கில்தான் மூடி திறக்கும். வெள்ளையாகத் தெரிவது முழுவதும் பனி என்று நினைக்கிறோம். அந்த ஈரத்துளிகள் பலவற்றுக்குள் ஒரு தூசித் துகள் உட்கார்ந்திருக்கிறது.

ஆடி மாதத்தில் இதற்கு நேர் எதிர். கண்ணைத் திறக்க முடியாத புழுதி, துணி காயப்போட முடியாது, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட தெருக்களில் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பெரிய புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியாக வெளியேறிவிடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அதுவும் தொந்தரவுதான். ஆனாலும் அடிக்கிற காற்று புகையை ஊரில் தங்க விடுவதில்லை. புழுதிக்குப் பயப்படுகிற நாம், அசையாமல் நிற்கிற மார்கழிக் காற்றைச் சுத்தம் என்று நம்பி ஆழமாக இழுக்கிறோம். என்னிடம் வருகிற வீசிங் குழந்தைகளின் வீட்டில் பெரும்பாலும் இதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

புகைத் துகள் எவ்வளவு சிறியது என்றால், தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாங்கள் கவலைப்படும் துகள் 2.5 மைக்ரானுக்கும் கீழே. பிஎம் 2.5 என்று செய்திகளில் படிப்பது இதைத்தான். மூக்கு முடியோ சளியோ இதைப் பிடிக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் அங்கே அழற்சியை, அதாவது வீக்கத்தை, உண்டாக்கும். மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலந்துவிடும். அழற்சி உள்ள உடம்பில் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயத் துடிப்பின் ஒழுங்கு பாதிக்கப்படுகிறது. காற்று மாசு என்றால் நுரையீரல் சமாச்சாரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அதே அளவுக்கு உறுதியானது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இதை நான் அழுத்திச் சொல்லாமல் விட முடியாது.

லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், அவர்களில் சிலருக்கு இதயநோய், சிலருக்கு சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. ஒரு நாள் ஹைட் பார்க்கில் 2 மணி நேரம் நடக்க வைத்தார்கள். இன்னொரு நாள் டீசல் பஸ்களும் டாக்சிகளும் நெரிசலாக ஓடும் ஆக்ஸ்போர்டு தெருவில் அதே 2 மணி நேரம். பூங்காவில் நடந்தபோது நுரையீரலின் திறன் கூடியது, ரத்தக் குழாயின் விறைப்பு குறைந்தது. அந்த நன்மை மறுநாள்வரை நின்றது. தெருவில் நடந்தபோது அதில் பெரும்பகுதி கிடைக்கவே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கும் நாம், வேகமாக நடக்கும்போது அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இழுக்கிறோம். எந்த இடத்தில் இழுக்கிறோம் என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

ஆகவே ஐயா, கார்த்திகை முதல் தை வரை சாயங்காலம் 4.30 மணிக்கு நடையை வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காலையே சரி, வெயில் இதயத்துக்குப் பெரிய பாரம். பைபாஸ் ரோடு எந்தக் காலத்திலும் வேண்டாம். மாடக்குளம் கண்மாய்ப் பக்கம் உங்களுக்குத் தூரமில்லை. கரை மேடுபள்ளமாக இருந்தால் குடியிருப்புக்குள் இருக்கும் உள்தெருக்களே போதும். வண்டிப் புகையின் அடர்த்தி பெரிய சாலையிலிருந்து 150 முதல் 300 மீட்டர் தள்ளிப் போனாலே வெகுவாகக் குறைந்துவிடும். நான்கு தெரு உள்ளே தள்ளி நடப்பது காசு செலவில்லாத வைத்தியம். நடக்கும்போது நெஞ்சில் பாரமோ, இடது கை, தாடையில் வலியோ, வழக்கமில்லாத வியர்வையோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

இனி பையனைப் பற்றி. நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் கவலை தந்தது புகை அல்ல, ஓரமாக வைக்கப்பட்டிருக்கும் அந்த இரண்டாவது இன்ஹேலர்.

நீல நிற இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்க வேண்டிய மற்றொன்று, பெரும்பாலும் குறைந்த அளவு ஸ்டீராய்டு உள்ளது. பழகிவிடும் என்பது தவறான பயம். மூச்சுக்குழாய்க்கு நேராகப் போவதால் அதன் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. இழுப்பு முற்றி மருத்துவமனைக்கு வந்தால் நாங்கள் வாய்வழியாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். இந்த இன்ஹேலரால் பிள்ளையின் உயரத்தில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறையலாம் என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ராத்திரி தூங்க முடியாமல் இருமுகிற பிள்ளைக்கும் வளர்ச்சி குறையும், பள்ளிக்கூடமும் தவறும், உயிருக்கும் ஆபத்து. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டி எடுக்கச் சொல்லுங்கள், எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். மருந்தின் அளவையும் எத்தனை மாதம் என்பதையும் உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

லண்டனில் எல்லா (Ella) கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி இருந்தாள். உங்கள் மகனின் வயதுதான், 9. போக்குவரத்து நெரிசலான ஒரு பெருஞ்சாலைக்கு அருகில் வீடு. கடுமையான ஆஸ்துமா, திரும்பத் திரும்ப மருத்துவமனை. 2013-இல் இறந்துபோனாள். 2020 டிசம்பரில், அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: மாசு ஆஸ்துமாவைத் தூண்டும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் தடுக்க ஏதாவது செய்திருப்பார். அதைப் படித்த நாளிலிருந்து, ரோட்டோரத்தில் வீடு என்று எந்தத் தாய் சொன்னாலும் நான் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சரி.

அடுத்தது வீட்டுக்குள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் ராத்திரி இருமல் என்றதுமே கேட்கத் தோன்றுகிறது: கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகளை வெளியிடுவதாக 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, குழந்தையின் தலைமாட்டில் அதை வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் அதே கதைதான். வெள்ளிக்கிழமை தூபம் போடாமல் இருக்க முடியாது என்றால், பையன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். தலைக்குக் குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுகிற வழக்கம் வேண்டவே வேண்டாம். மிளகாய் வறுக்கும்போது, தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், இல்லாவிட்டால் பின்கதவையாவது திறந்துவிடுங்கள்.

என் அம்மா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நாற்பது வருடம் விறகடுப்பில் ஊதிச் சமைத்தவர். பீடி, சிகரெட் எதையும் கையில் தொட்டதில்லை. கடைசிக் காலத்தில் அவருக்கு வந்தது சிஓபிடி. மூச்சு வாங்காமல் நான்கு படி ஏற முடியாது. புகை ரோட்டிலிருந்துதான் வரும் என்று இல்லை என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இனி மெஷின். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகு கையில் பணம் இருந்தால் வாங்கலாம், பையன் தூங்கும் அறைக்கு மட்டும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள். அயனி விடும், ஓசோன் விடும் என்று விளம்பரம் செய்வதைத் தொடாதீர்கள். ஓசோனைப் பற்றித்தான் பார்த்தோமே. சிஏடிஆர் என்ற எண் பெட்டியில் இருக்கும்; ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பது அது. 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமானால் 170-க்குக் குறையாத எண் வேண்டும். கதவைச் சாத்தி வைத்தால்தான் பலன். வடிகட்டியை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். அந்த அறையிலேயே சுருள் கொளுத்திக்கொண்டு மெஷினும் ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். தொட்டிச் செடிகள் மனதுக்கு நல்லவை. காற்றைச் சுத்தம் செய்யும் அளவுக்கு அவற்றால் முடியாது.

முகக்கவசம் என்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 போன்றவைதான் நுண்துகளை நன்றாகத் தடுக்கும். துப்பட்டாவும் கைக்குட்டையும் புழுதிக்குச் சரி, புகைக்கு இல்லை. சிறுவர் முகத்துக்குச் சரியாகப் பொருந்துவது கிடைப்பது கடினம். ஆகவே பள்ளி ஆட்டோ சிக்னலில் நிற்காத உள்பாதையாகப் போகுமா என்று டிரைவரிடம் கேளுங்கள், அதில் கூடுதல் பயன் இருக்கிறது.

மதுரை அவ்வளவு மோசமா என்றால், டெல்லியைப் போல இல்லை. ஆனால் 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், மாசைக் குறைக்க வேண்டிய ஊர்களின் பட்டியலில் நம் ஊரும் இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவுப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நம் நாட்டுத் தர அளவு 40. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊரை "தரத்துக்கு உட்பட்டது" என்று சொல்லிவிடலாம், உங்கள் மகனின் மூச்சுக்குழாய்க்கு அந்தச் சான்றிதழ் தெரியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அன்றன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் அன்று அவன் வெளியே ஓடி விளையாட வேண்டாம். ஆனால் அந்த எண் கருவி இருக்கும் இடத்துக்குரியது. பைபாஸ் ஓரத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகியும் தீபாவளியும் வரும் இரண்டு மூன்று நாள் பையனை ஜன்னல் சாத்திய அறையில் வையுங்கள். கிராமத்தில் பாட்டி வீடு இருந்தால் அங்கே அனுப்பலாம், அங்கே விறகடுப்பு இல்லை என்றால். தெருமுனையில் குப்பை எரித்தால் சும்மா இருக்காதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பது திடக்கழிவு விதிகள்படியே குற்றம். நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து மாநகராட்சியில் புகார் எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள், அந்தப் புகையை முதலில் குடிப்பவர் அவர்தான்.

வீட்டை மாற்றுவதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் வைரஸ் சளியும் அதிகம், மெத்தைத் தூசிப் பூச்சியும் காரணமாக இருக்கலாம். தினசரி இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து, நீலத்தைத் தேவைப்படும்போது மட்டும் அடித்து, சுருளை நிறுத்தி, விடியல் நடையை நிறுத்தி, மூன்று மாதம் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, இருமினானா, நீல இன்ஹேலர் எத்தனை முறை, அன்று சளி இருந்ததா, தெருவில் புகை இருந்ததா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அதற்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டால், அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மருந்தை மாற்றுவதா, பெரிய சாலையிலிருந்து 300 மீட்டர் உள்ளே தள்ளி வீடு பார்ப்பதா என்று அதை வைத்துப் பேசலாம். ஒரு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நோட்டுக்கும் டாக்டர் நேரத்துக்கும் காத்திருக்காதீர்கள். நீல இன்ஹேலரை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே கிளம்புங்கள்.