ஆமிஷ் குடும்பத்தோடு சில காலம் தங்கினால் வெளியிலிருந்து செல்லும் இளைஞருக்கு என்ன கிடைக்கும்?

அமெரிக்காவில் குதிரை வண்டியும் பண்ணை வேலையுமாக எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகத்தவர் ஆமிஷ் மக்கள். கைபேசியும் இணையமும் இல்லாமல் அப்படியொரு குடும்பத்தோடு ஒரு மாதம் வாழ்ந்தால் மனம் தெளியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அமெரிக்காவில் படிப்பவர் அல்லது அண்மையில் வேலையில் சேர்ந்தவர், ஓய்வுக்கு ஓர் இடம் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓய்வுதான் நோக்கம் என்றால் அங்கே செல்லாதீர்கள். அவர்களோடு சேர்ந்து உழைக்க விருப்பம் இருந்தால் தாராளமாகச் செல்லுங்கள்.

பென்சில்வேனியாவில் கால்நடை அறிவியல் முதுகலை படித்த காலத்தில், தீவன மாதிரிகளைச் சேகரிப்பதற்காக லங்காஸ்டர் கவுண்டியின் பால் பண்ணைகளுக்குச் சென்றுவருவேன். அப்படிப் பழக்கமான ஓர் ஆமிஷ் குடும்பத்தினர், குதிரை மசால் அறுத்து உலர்த்திக் கட்டும் பருவத்தில் ஆள் தேவைப்பட்டபோது, என்னையும் என் வகுப்புத் தோழர் ஒருவரையும் தங்களுடன் தங்கச் சொன்னார்கள். பண்ணையை மகனிடம் ஒப்படைத்த பிறகு முதியவர்கள் வசிப்பதற்கென்று பெரிய வீட்டை ஒட்டியே கட்டப்படும் சிறு வீடு அப்போது காலியாக இருந்தது. காலை நாலரை மணிக்குத் தொழுவத்தில் நிற்க வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட மாடுகளுக்குக் கறவை முடித்துச் சாணம் தள்ளிய பிறகுதான் காலை உணவு. மாலையில் மறுபடியும் கறவை. இரவு ஒன்பது மணிக்கு மேல் கண் விழித்திருக்க எங்களால் முடிந்ததில்லை.

அங்கே பழங்காலம் அப்படியே உறைந்திருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பொது மின்கம்பி வீட்டுக்கு வரக் கூடாது என்பது உண்மை. ஆனால் கொட்டகையில் டீசல் எஞ்சின் ஓடிப் பாலைக் குளிர்விக்கிறது. அது அழுத்தித் தரும் காற்றில் துணி துவைக்கும் இயந்திரம் சுழல்கிறது. குளிர்பெட்டி எரிவாயுவில் இயங்குகிறது. உலர்புல் கட்டும் இயந்திரத்திலும் எஞ்சின் உண்டு, ஆயினும் அதை வயலில் இழுத்துச் செல்பவை கோவேறு கழுதைகள். தொலைபேசி பாதையோரத்துச் சிறு கூண்டில் இருக்கிறது. எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை ஏறக்குறைய 25 முதல் 40 குடும்பங்கள் கொண்ட திருச்சபைக் குழு கூடி முடிவு செய்கிறது. டிராக்டர் வயலுக்குள் வந்தால் ஒருவர் பண்ணை பெருக்கும், அடுத்தவர் நிலத்தை விற்றுவிட்டுப் போக நேரும் என்று வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில், கட்டிய புல் வயலிலேயே கிடந்தபோது, யாரும் அழைக்காமலே சுற்றுப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் வந்து ஏற்றிக் கொடுத்துவிட்டு, நன்றிக்குக்கூட நிற்காமல் தங்கள் கறவைக்குத் திரும்பினார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். கைபேசி இல்லாத ஒரு மாதம் உங்களுக்கு எந்த மலையடிவாரத்திலும் கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு நான் அவர்களைப் புனிதர்களாக்குவதாகச் சிலர் எழுதக்கூடும். அப்படியில்லை. ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்துகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1972ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநில வழக்கில் அதை அனுமதித்தது. என் அம்மா எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அந்த ஆற்றாமையைக் கேட்டே நான் வளர்ந்தேன். அந்த வீட்டில் அவ்வருடம்தான் பள்ளியை முடித்திருந்த பதினான்கு வயதுப் பெண், தீவனத்தில் புரதத்தை எப்படிக் கணக்கிடுகிறேன் என்று கேட்டு, நான் ஒருமுறை சொன்னதும் அடுத்த மாதிரிக்கு அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். அவளை மேலே படிக்க வைக்கலாமே என்று தந்தையிடம் கேட்டேன். வீடும் பண்ணையும் கற்றுத் தருவது போதும் என்று அவர் கோபமில்லாமல் சொன்னார். அந்தப் பதிலை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் மீதுள்ள மதிப்பும் இந்த மறுப்பும் சேர்ந்தே என்னிடம் இருக்கின்றன.

வெளியிலிருந்து செல்பவருக்கு எட்டாத பகுதி ஒன்றும் உண்டு. பச்சிளங்குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்தவர் தாமே விரும்பி ஏற்க வேண்டும் என்று 1525இல் ஸூரிச்சில் தொடங்கிய இயக்கத்தின் வழியில் வந்தவர்கள் இவர்கள். அந்த நம்பிக்கைக்காக முன்னோர் கொல்லப்பட்டார்கள். 1693இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்தவர்களே ஆமிஷ் ஆனார்கள். பதினாறு வயதுக்குப் பிறகு இளைஞர்களுக்குக் கிடைக்கும் சுதந்திரக் காலத்தைக் களியாட்டம் என்றே வெளியுலகம் பேசுகிறது. நான் பார்த்த பிள்ளைகளோ ஞாயிறு மாலை ஒன்றுகூடிப் பாடுவதற்காகக் குதிரை வண்டியில் கிளம்பினார்கள். ஞானஸ்நானம் பெறாமல் விலகினால் உறவு அறுவதில்லை, பெற்ற பின் விலகினால் சமூகமே ஒதுக்கிவைக்கும். பெரும்பாலானோர் அதை அறிந்தே சேர்கிறார்கள். பருவம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிய எனக்கு அப்படி எந்த விலையும் இல்லை. ஆகவே சில வாரம் தங்கிவிட்டு “நானும் ஆமிஷாக வாழ்ந்தேன்” என்று எவரும் எழுதுவது சரியன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லங்காஸ்டர் பண்ணைகளின் நடுவே செல்லும் 340ஆம் எண் சாலையில் காரை நிறுத்தி, வயலில் வேலை செய்யும் பிள்ளைகளைப் படம் எடுப்பவர்களைப் பார்த்தாலே எனக்குக் கொதிக்கும். நம்மவர்களும் அதில் உண்டு. முகத்தைப் படமாக்குவது அவர்கள் நம்பிக்கைக்கு எதிரானது. கேமராவை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். சுற்றுலா நிறுவனங்களை நாடுவதைவிட, பண்ணைகளுக்குச் சென்றுவரும் கால்நடை மருத்துவரிடமோ, சந்தையில் காய்கறி விற்கும் ஆமிஷ் குடும்பத்திடமோ நேரில் கேளுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ஜூன், ஜூலை மாதங்களில் உலர்புல் வேலை நெருக்கும், அப்போது கேட்டால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.