சைக்கிளைத் தொடவே இல்லை, ஆனாலும் நான் பொறுப்பா?

கேள்வி: தினமும் காரில் வேலைக்குப் போகிறவன் நான். சில வாரங்களுக்கு முன், நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில், எனக்கு முன்னால் ஒரு சைக்கிள்காரர் ஓரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. பின்னால் விடாமல் ஹாரன். இரண்டடி இடம் விட்டுத்தான் ஓவர்டேக் செய்தேன். அங்கே நடுக்கோடும் விட்டுவிட்டுப் போட்ட கோடுதான். கண்ணாடியில் பார்த்தால் அவர் விழுந்து கிடந்தார். என் கார் அவர்மேல் படவில்லை என்பதால் நிற்காமல் போய்விட்டேன். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டதாக, இழப்பீடு கேட்டு இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அன்று அவர் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அதே ஆள் சிக்னலில் நின்ற வண்டிகளை ஓரமாகவே முந்திக்கொண்டு வந்தார். அவர்மேல் தப்பே இல்லையா? என் கார் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதை அழித்துவிடச் சொல்கிறார் நண்பர்.

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவை அழிக்காதீர்கள். இப்போது உங்கள்மேல் இருப்பது கவனக்குறைவுக் குற்றச்சாட்டு. வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தபிறகு சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றமாகிவிடும். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட நீதிமன்றம் நம்பாது.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. ஆனால் முந்துவது பற்றிய சட்டத்தின் அடிப்படை பெரும்பாலான நாடுகளில் ஒன்றுதான். 1968-ம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 11-வது பிரிவு அதை விரிவாகச் சொல்கிறது. பின்னால் வருபவர் உங்களை முந்தத் தொடங்கியிருக்கக் கூடாது. முன்னால் போகிறவர், தான் வேறொருவரை முந்தப்போவதாகச் சைகை காட்டியிருக்கக் கூடாது. எதிரே போதுமான தூரத்துக்குச் சாலை காலியாக இருக்க வேண்டும். முந்தப்படுபவருக்குப் போதுமான அகலத்தில் இடம் விட்டு, அவருக்குத் தொந்தரவு இல்லாமல் திரும்பவும் தன் பாதைக்கு வர வேண்டும். இவ்வளவையும் உறுதி செய்துகொள்ள வேண்டியவர் முந்துகிறவர். முந்தப்படுபவரின் பங்கு மிகக் கொஞ்சம்: தன் ஓரத்தில் போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. உங்கள் வழக்கில் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

'படவில்லை' என்பதை உங்கள் பெரிய பலமாக நினைக்கிறீர்கள். வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அது பலமே இல்லை. உங்கள் கார் அவ்வளவு நெருக்கத்தில் போனதால்தான் அவர் தடுமாறினாரா என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். உலோகம் உலோகத்தில் உரசியிருக்க வேண்டும் என்று கவனக்குறைவுச் சட்டம் கேட்பதில்லை. பக்கத்தில் வேகமாகப் போகும் வண்டியின் காற்றும் சத்தமும் போதும், சைக்கிளின் ஹேண்டில் ஒரு சாண் ஆடிவிடும். விழாமல் இருக்க ஆடித்தான் ஆக வேண்டிய வண்டி அது. அந்த ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் இடம் விட வேண்டும்.

இரண்டடி என்பது சுமார் 60 சென்டிமீட்டர். ஜெர்மனி 2020-ல் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது: சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே ஒன்றரை. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு 2022 முதல், மணிக்கு 30 மைல் வரை குறைந்தது ஒன்றரை மீட்டர் என்றும் அதற்கு மேல் போனால் இன்னும் கூடுதலாக என்றும் சொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1 மீட்டர். இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, சட்டத்துக்குப் புறம்பான முறையில் முந்துவதை அபாயகரமாக ஓட்டும் செயல்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. நீங்கள் விட்ட இடைவெளி இந்த அளவுகளில் மிகச் சிறியதற்குக்கூட எட்டவில்லை. இன்னொன்று: காரின் கதவிலிருந்து அளந்து இரண்டடி என்றால், கண்ணாடி நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்துப் பாருங்கள். அளவு எடுக்க வேண்டியது கண்ணாடியின் நுனியிலிருந்து ஹேண்டிலின் நுனிவரை.

விட்டுவிட்டுப் போட்ட கோடு இருந்தது என்கிறீர்கள். தொடர்கோடு இருந்தால் தாண்டக் கூடாது என்பது சரி. ஆனால் அது இல்லாததால் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. எதிரே வண்டி வரும்போது எந்தக் கோடும் உங்களுக்கு வழி திறந்து தராது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 60 கிலோமீட்டர் வேகம், சைக்கிள் 20 என்றால், இருவருக்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு 11 மீட்டர். பின்னால் 15 மீட்டரில் விலகத் தொடங்கி, முன்னால் 15 மீட்டர் போய் உள்ளே திரும்ப, வண்டி நீளத்தையும் சேர்த்து மூன்று நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் 50 மீட்டருக்கு மேல் ஓடியிருப்பீர்கள். அதே வேகத்தில் எதிரே வருகிறவரும் 50 மீட்டர் நெருங்கியிருப்பார். நூறு மீட்டருக்கு மேல் காலியாகத் தெரிந்தால்தான் ஒரு சைக்கிளையே முந்தலாம். மணிக்கு 60-ல் போகும் லாரியை 80-ல் முந்துவதென்றால் பத்து நொடிக்கு மேல் எதிர்ப்பாதையில் இருப்பீர்கள். அதற்குக் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வேண்டும். வளைவிலும் மேட்டு உச்சியிலும் முந்தக் கூடாது என்பதன் காரணமும் அதுதான்.

அப்படியென்றால் அன்று என்ன செய்திருக்க வேண்டும்? பின்னாலேயே போயிருக்க வேண்டும். 200 மீட்டர் தூரம் அவர் வேகத்திலேயே போயிருந்தாலும், 50-ல் போவதைவிட உங்களுக்கு 22 நொடிதான் கூடுதலாக ஆகியிருக்கும். பின்னால் ஹாரன் அடித்தவர் உங்கள் பெயருக்கு வந்த நோட்டீஸில் பங்கு கேட்டு வரமாட்டார்.

அவர் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளிப் போனார் என்கிறீர்கள். பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஓரத்தில் பள்ளமோ, கழிவுநீர் மூடியோ, கதவு திறக்கக்கூடிய கார்களோ இருந்தனவா? ஒட்டிப் போனால் ஆபத்து என்னும்போது தள்ளிப் போவது தவறாகாது. பிரிட்டனின் விதித்தொகுப்பு, குறுகலான இடங்களில் பாதையின் நடுவிலேயே போகும்படி சைக்கிள்காரர்களுக்குச் சொல்கிறது. வேறு வழியில்லை என்று தெரிந்தால்தான் பின்னால் வருபவர் பொறுப்பார் என்பதே அதன் நோக்கம். ஆனால் நீங்கள் பக்கத்தில் வந்தபின், திரும்பிப் பார்க்காமல், கை காட்டாமல் அவர் சட்டென்று உள்ளே வந்திருந்தால் கதை வேறு. அது பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது விபத்தில் அவருடைய கவனக்குறைவுக்கும் பங்கு உண்டு என்பது. நிரூபித்தால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும். உங்கள் வக்கீல் தேட வேண்டியது அதைத்தான்.

சிக்னலில் அவர் ஓரமாக முந்தினார் என்ற வாதம் உங்களுக்கு உதவாது. நின்றுகொண்டோ ஊர்ந்துகொண்டோ இருக்கும் வண்டிகளைச் சைக்கிள்கள் ஓரப்பக்கமாகக் கடக்க ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் அனுமதி தரலாம் என்று வியன்னா உடன்படிக்கையே சொல்கிறது, இடம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அது தவறாகவே இருந்தாலும், அடுத்த சாலையில் அவர் விழுந்ததற்கு அது காரணம் இல்லை.

ஆனால் இதைப் படிக்கும் சைக்கிள்காரர்களுக்கு நான் உரக்கவே சொல்ல விரும்புகிறேன். சட்டம் அனுமதித்தாலும், திரும்பப்போகும் லாரியின் ஓரப்பக்கத்தில் நுழையாதீர்கள். ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. நின்ற வரிசையை முந்துவதிலும் நிதானம் வேண்டும். இங்கிலாந்தில் 1966-ல் ஒரு மேல்முறையீட்டில், நின்ற வண்டிகளை முந்தி வந்த மோட்டார் சைக்கிள்காரர் இடைவெளி வழியே வெளியே வந்த காரில் மோதினார். 80 சதவீதப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதே நாட்டில் 2006-ல், இதேபோல் வரிசையை முந்தி வந்தவருக்கு முன்னால் ஒரு கார் திடீரென்று திரும்பியபோது, முழுப் பொறுப்பும் கார்க்காரருக்குப் போனது. வேகமும், கண்ணில் படும்படி வந்தாரா என்பதும்தான் இப்படித் தீர்ப்பைப் புரட்டிப் போடுகின்றன.

நோட்டீஸைவிட என்னை உறுத்துவது நீங்கள் நிற்காமல் போனது. விபத்தில் தொடர்புடைய ஓட்டுநர் நிற்க வேண்டும் என்கிறது வியன்னா உடன்படிக்கை. பிரிட்டிஷ் சட்டம் இன்னும் தெளிவு: சாலையில் ஒரு வண்டி இருந்ததன் காரணமாக விபத்து நேர்ந்தாலே அதன் ஓட்டுநர் நின்றாக வேண்டும், மோதியிருக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இழப்பீட்டு விவகாரம் ஒரு பக்கம் இருக்க, குற்றவியல் நடவடிக்கைக்கும் வாய்ப்பு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை உங்கள் ஊர் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். காவல் துறைக்குத் தாமதமாகவாவது நீங்களே தெரிவிப்பதா, எந்த வார்த்தைகளில் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதற்கு முன் யாரிடமும் எழுதியோ பேசியோ விளக்கம் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இன்றே தெரிவியுங்கள். தாமதித்தால், பாலிசி நிபந்தனையை மீறியதாகச் சொல்லி அவர்கள் கைவிரிக்கப் பார்ப்பார்கள். நோட்டீஸில் கொடுத்த கெடு தாண்டும் முன் வக்கீல் வழியாகப் பதில் போக வேண்டும். காயம்பட்டவரை நேரில் பார்த்துப் பணம் பேசாதீர்கள். நல்லெண்ணத்தோடு போனாலும் மிரட்டியதாக மாறிவிடும். அவர் கை எப்படி இருக்கிறது என்று கேட்க மனம் அடித்துக்கொண்டால், அதையும் அந்தப் பதிலிலேயே ஒரு வரியாகச் சேர்க்க முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள். கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அப்படியே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.