கதையை அங்கயே நிப்பாட்டாதீங்கோ

கேள்வி: எனக்கு 36 வயசு, வெள்ளவத்தையில இருக்கிறன். ரெண்டு தரம் ஏ.எல். சோதனை எடுத்தும் மெடிசின் கிடைக்கேல்ல. பிறகு பகல்ல கடையில பில் போட்டு, பின்னேரம் 100ஆம் நம்பர் பஸ்ஸில கிளாஸுக்குப் போய், இப்ப அக்கவுண்டன்ட். ஆனா ஆர் கேட்டாலும் "அந்த ரிசல்ட்ஸோட என்ர வாழ்க்கை போச்சு" எண்டுதான் வாயில வருது. மகளும் "அம்மாக்கு ஒண்டும் சரிவராது" எண்டு சொல்லத் தொடங்கிட்டா. சொல்லிச் சொல்லியே நான் இப்பிடி ஆகிட்டனோ?

பதில்: தங்கச்சி, ஓரளவுக்கு ஓம். குணம் பிறவியோட வாறது மட்டும் இல்லை, நாங்கள் எங்களைப் பற்றிக் கோர்த்து வச்சிருக்கிற கதையும் அதில ஒரு பங்குதான் எண்டு டான் மக்அடம்ஸ் எண்ட அமெரிக்க உளவியலாளர் சொல்றார். எத்தினையோ பேரிட்ட வாழ்க்கைக் கதையைக் கேட்டவர் அவர். சிலர் கெட்டதில தொடங்கி அதால வந்த நல்லதையும் சேர்த்துச் சொல்லுவினம், சிலர் நல்லாப் போனது ஒருநாள் நாசமாப் போச்சு எண்டு அங்கயே நிப்பாட்டிடுவினம், இவைக்குத்தான் மனச்சோர்வு கூட இருந்தது.

மனம் சோர்ந்ததாலதானே அப்பிடிச் சொல்லுகினம் எண்டு நீங்கள் கேக்கலாம். நியாயம்தான். ஆனா ஜொனதன் அட்லர் எண்டவர் சிகிச்சைக்குப் போன 47 பேர் தங்களைப் பற்றி எழுதினதுகளை வரிசையாப் பாத்து 2012ல வெளியிட்டார், தன்ர வாழ்க்கையை நடத்திறது தான்தான் எண்ட மாதிரி எழுத்து முதல்ல மாறினது, மனம் தேறினது அதுக்குப் பிறகுதான்.

இப்ப உங்கட கடிதத்தைத் திருப்பி வாசியுங்கோ. நிண்டு நிண்டு கால் நொந்த அந்தக் கடை, வேலை முடிஞ்ச களைப்போட நெரிசல்ல தொங்கிக்கொண்டு போன பஸ், இதெல்லாம் ஒரே ஒரு வரியில போயிட்டுது! அந்த பஸ்ஸில ஏறினது நீங்கள்தானே, ஆரும் உங்களைத் தூக்கி ஏத்தேல்லையே. அதுக்காக "எல்லாம் நல்லதுக்குத்தான்" எண்டு பொய் சொல்லச் சொல்லேல்ல, மெடிசின் கிடைக்காதது நொந்தது எண்டா நொந்தது எண்டே சொல்லுங்கோ, எனக்கு அந்தப் பூசி மெழுகிற கதையில நம்பிக்கை இல்லை. அதுக்குப் பிறகு வந்த வருசங்களையும் சொல்லுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

மகளுக்கே முதல்ல சொல்லுங்கோ. ஒரு பின்னேரம் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கடையில முதல் நாள் என்ன நடந்தது எண்டு தொடங்குங்கோ. ரெண்டு பேரின்ர ஃபோனும் வீட்டில இருக்கட்டும், கேக்கிறவர் கவனம் இல்லாமல் இருந்தா சொல்றவருக்கே தன்ர கதை பிறகு சரியா ஞாபகம் நிக்காது.