ஆறாவது ஆளிலிருந்து ஒன்பதாவது ஆள் வரை

மார்ச் மாதத்தில் நடக்கும் தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகளைப் பார்த்துவிட்டு அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் பற்றி எழுதியவர்கள் பலர். நாலு கேள்விகளை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளால் எங்கள் வீடே கென்டக்கி கட்சி. ஒவ்வொரு சீசனும் பெரிய பெயர்களை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பேருக்கு அடிபட்டால் அணி தடுமாறுகிறது. ஆள் எடுப்பதில் எங்கே கோளாறு?
– மதுரை வாசகி

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2024 ஏப்ரலில் ஜான் கலிபரி 15 சீசன்களுக்குப் பிறகு கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனார். அடுத்து வந்தவர் மார்க் போப். 1996-ல் கென்டக்கி பட்டம் வென்றபோது கேப்டனாக இருந்தவர். அவர் பொறுப்பேற்றபோது பழைய அணியில் ஸ்காலர்ஷிப் பெற்றவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எல்லாரையும் புதிதாகத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வேறு கல்லூரிகளிலிருந்து 9 பேரைக் கொண்டுவந்தார். சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர், ஓக்லஹோமாவிலிருந்து ஒடேகா ஓவே, டேட்டனிலிருந்து கோபி பிரேயா, டிரெக்சலிலிருந்து அமாரி வில்லியம்ஸ். அந்த நெருக்கடியில் அதைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது என்பது என் கருத்து. நவம்பரில் டியூக்கை 77-72 என்று ஜெயித்தார்கள்.

ஆனால் பந்தைக் கொண்டுவருகிற இடத்தைப் பாருங்கள். டிசம்பரில் கொன்சாகாவுடன் ஆடிய ஆட்டத்தில் மாற்று பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) கெர் கிரிசாவுக்குப் பாதத்தில் அடி, சீசனே போயிற்று. அப்புறம் பட்லருக்குத் தோள். அவர் இல்லாத நாட்களில் பந்தைக் கொண்டுவந்த ஜாக்சன் ராபின்சனுக்கு மணிக்கட்டு, கடைசியில் அவருக்கும் சீசன் முடிந்தது. ஒரே வேலையைச் செய்யத் தெரிந்த மூன்று பேரும் அடிபட்டார்கள். முதலாண்டுப் பையன் டிராவிஸ் பெர்ரி தொடக்க ஐவரில் இறங்க வேண்டி வந்தது.

இப்படி இருந்தும் ஜனவரியில் பட்லர் இல்லாமலே டென்னசியை அவர்கள் ஊரிலேயே வென்றார்கள். பிப்ரவரியில் மறுபடி வென்றார்கள். மார்ச்சில், தேசியப் போட்டியின் கடைசி 16 அணிகளின் சுற்றில், அதே டென்னசியிடம் 65-78 என்று தோற்றார்கள். ஆள் குறைந்த அணி ஒரு ராத்திரி வெறியோடு ஆடி ஜெயித்துவிடும். மாதக் கணக்கில் அப்படி ஆட உடம்பு கேட்காது.

எனக்கு வருத்தம் தந்தது அதற்குப் பிறகு நடந்தது. பெர்ரி கென்டக்கி மாநிலத்துப் பையன், மாநிலத்தின் பள்ளி ஆட்ட வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். ஒரு சீசன் முடிந்ததும் ஓல் மிஸ் என்கிற மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன். ஆட இடம் கிடைக்கிற ஊருக்குத்தான் எந்தப் பையனும் போவான். ஆனால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. முதல் ஐந்து பேரை வெளியிலிருந்து கொண்டுவந்துவிடலாம். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை உள்ளவர்களை வீட்டிலேயே வளர்க்க வேண்டும். வளர்கிற நேரத்தில் அவர்கள் போய்விட்டால் அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து.

முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டுமாமே?
– தஞ்சாவூர் வாசகர்

ஆமாம். 2021-ல் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024-ல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து விளம்பரப் பணமும் வாங்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆட்டக்காரர்களுக்குப் பணம் போவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அரங்கம் நிறைவது அவர்களால்தானே.

ஒரு அணியில் 15 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்புறம் எப்படி ஆள் பற்றாக்குறை?
– சேலம் வாசகர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர், மொத்தம் 200 நிமிடம். தொடக்க ஐவரும் ஆளுக்கு 34 நிமிடம் ஆடினால் மிச்சம் 30. மற்ற 10 பேரும் அந்த 30 நிமிடத்தைத்தான் பங்கு போட வேண்டும். நாலு பேருக்குக் கிடைத்தாலே பெரிது. உட்கார்ந்தே இருப்பவர்கள் சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். காகிதத்தில் 15 பேர். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆளான சென்டர் முதல் பாதியிலேயே மூன்று ஃபவுல் வாங்கிவிட்டால் (ஐந்து ஆனால் வெளியே) கோச் திரும்பிப் பார்க்கும்போது நம்பி இறக்க ஒருவர்தான் இருப்பார், சில நாள் அவரும் இருக்க மாட்டார்.

2025-ல் பட்டம் வென்ற ஃப்ளோரிடாவைப் பாருங்கள். அவர்களின் மைக்கா ஹேன்ட்லாக்டன் 7 அடிக்கு மேல் உயரம். 2024 மார்ச்சில் எஸ்இசி என்கிற தென்கிழக்குக் கல்லூரிகள் குழுவின் இறுதி ஆட்டத்தில் கால் உடைந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடாமல் ஒதுங்கியிருப்பதாகத் திட்டம்; அப்படி இருந்தால் ஓர் ஆண்டுத் தகுதி மிச்சமாகும். பிப்ரவரியில் உயரமான ஆட்களுக்கு அடிபட்டதும், அந்த ஆண்டை விட்டுக்கொடுத்துவிட்டு இறங்கினார். கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் போர்ட்டலில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பிப்ரவரியில் அப்படி ஒரு ஆள் கிடைக்காது. பெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த தாமஸ் ஹாவ், பள்ளி முடித்ததும் நேரே இங்கே சேர்ந்தவர். டெக்சாஸ் டெக்குடன் நடந்த காலிறுதியில் 20 புள்ளி, 11 ரீபவுண்ட். இறுதியில் ஹூஸ்டனிடம் 12 புள்ளி பின்தங்கியும் 65-63 என்று ஜெயித்தார்கள். நட்சத்திரம் வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர்தான். வெளியாள் கூடாது என்று நான் சொல்லவில்லை.

அதே சீசனில் மிச்சிகன் ஸ்டேட்டின் டாம் இஸோ பத்துப் பேரைச் சுழற்றி ஆடவைத்து பிக் டென் என்கிற கல்லூரிகள் குழுவின் பட்டம் எடுத்தார். அதில் பெரும்பாலோர் அவரிடமே வளர்ந்தவர்கள். எனக்கு மிகப் பிடித்த அணி அது.

என் மகன் பிளஸ் 2, உயரம் 6 அடி 4 அங்குலம். அமெரிக்கக் கல்லூரி அணியில் சேர ஆசைப்படுகிறான். எப்படித் தேர்ந்தெடுப்பது?
– திருநெல்வேலி வாசகர்

தம்பிக்கு வாழ்த்துகள். கல்லூரியின் பெயரைப் பார்க்கும் முன் அதன் ஆட்டக்காரர் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் உயரம், இடம், எத்தனையாவது ஆண்டு என்று போட்டிருப்பார்கள். அவன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே முதலாண்டில் இரண்டு பேர் இருந்தால் யோசியுங்கள். நாலாம் ஆண்டுக்காரர்கள் இருந்தால் நல்லது. கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: போன வருஷம் பெஞ்சில் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள்? இதற்குத் தயங்கும் கோச்சிடம் பையனை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷனுக்குப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் படித்திருக்க வேண்டும், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-யின் தகுதி மையத்தில் பதிவும் வேண்டும். மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, படிப்புக்கான உதவித்தொகை உண்டு. மாணவர் விசாவில் போகிறவர் சம்பாதிப்பதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. யாராவது விளம்பரப் பணம் தருவதாகச் சொன்னால், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.