பைத்தான் 2.7 நிரல்மொழியில் எழுதிய தோட்டக் கூலிக் கணக்கை 3.12இல் ஓட்ட முடியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை அறுவடைக் குத்தகைக்காரருக்குக் கணக்குப் பார்க்கும் நீங்கள், பழைய கூலி நிரல் புதிய கணினியில் 'பிரிண்ட்' வரியிலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நிரல் நின்றுவிட்டால் எந்த வரியில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். பயப்பட வேண்டியது, நிற்காமல் ஓடித் தப்பான கூலியை அச்சிடுவதற்குத்தான்.

முதலில் பழைய கணினியில் கடந்த 12 மாதக் கூலிப் பட்டியலையும் மறுபடி ஓட்டி, வெளியீட்டைத் தனிக் கோப்புகளாக எடுத்து வையுங்கள். அங்கேயே பைத்தானை -3 என்ற தேர்வோடு ஒருமுறை ஓட்டுங்கள். முழு எண் வகுத்தல் நடக்கும் வரிகளை எச்சரிக்கையாகக் காட்டும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பழைய நிரலைப் பைத்தான் 3க்கு மாற்றித் தரும் '2டு3' கருவி. அது பிரிண்ட், 'ஹேஸ்_கீ', 'இட்டர்ஐட்டம்ஸ்' போன்றவற்றை மாற்றிவிடும். 3.13இல் இந்தக் கருவியை நீக்கிவிட்டார்கள், ஆகவே 3.12ஐத் தாண்டிப் போகாமல் இந்த வேலையை முடியுங்கள். 'டிஸ்டியூட்டில்ஸ்' என்ற தொகுதி இல்லை என்று பிழை வந்தால் 'செட்டப்டூல்ஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் போதும்.

வகுத்தலை அந்தக் கருவி தொடாது. சென்னில் வைத்த 850ஐ 4 பேருக்குப் பிரித்தால் 2.7இல் 212, 3.12இல் 212.5. மீதியை விட்டுவிட வேண்டும் என்று எழுதிய இடங்களில் / என்பதை // ஆக்குங்கள்.

இதைவிட மோசமானது, எண்ணை முழுமையாக்கும் 'ரவுண்ட்' கட்டளை. பாதியில் நிற்கும் எண்ணை 2.7 பூஜ்யத்திலிருந்து விலகிய பக்கம் தள்ளும். பைத்தான் 3 இரட்டை எண் பக்கம் தள்ளும். 2008 ஏப்ரல் முதல் ரொக்கம் 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுவதால் பல பழைய நிரல்கள் 20ஆல் பெருக்கி, 'ரவுண்ட்' செய்து, 20ஆல் வகுக்கும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 48.50 வெள்ளி (ரிங்கிட்) என்றால் ஆளுக்கு 12.125. பழையது 12.15 கொடுக்கும், புதியது 12.10. வெட்டுகிற ஆளின் கையில் 5 சென் குறைகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. தசம எண்களைத் துல்லியமாகக் கணக்கிடும் 'டெசிமல்' தொகுதிக்கு மாறி, 'ரவுண்ட்_ஹாஃப்_அப்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எண்ணை மேற்கோளுக்குள் சரமாகக் கொடுங்கள். மிதவைப் புள்ளி எண்ணாகக் கொடுத்தால் அதன் பின்னக் குப்பையும் கூடவே வரும்.

வேலைக்கு வராதவரின் கட்டம் காலியாக, 'நன்' (None, எதுவும் இல்லை என்ற குறி) மதிப்போடு இருந்தால், எண்களோடு சேர்த்து வரிசைப்படுத்தும்போது பைத்தான் 3 மறுத்துவிடும். 0 போட்டு நிரப்புங்கள்.

தமிழ்ப் பெயர்கள் தனி வேலை. விண்டோஸில் 3.12 கோப்பைத் திறக்கும்போது தமிழ் எழுத்துக்குத் தேவையான யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தானாக எடுத்துக்கொள்ளாது. திறக்கும் ஒவ்வொரு வரியிலும் குறியாக்கத்தை எழுதுங்கள். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எழுதுகையில் 'நியூலைன்' மதிப்பை வெற்றுச் சரமாக வைக்காவிட்டால் ஆளுக்கு ஆள் ஒரு வெற்று வரி விழும். பெயர்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தின் எழுத்துருவில் தட்டியவை என்றால் பைத்தானுக்கு அது தெரியாது. 'ஓப்பன்-தமிழ்' நூலகத்தில் டிஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. ஒரே ஒருமுறை மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

இனி எடுத்து வைத்த 12 மாதத்தையும் புதிய வெளியீட்டோடு சென் சென்னாக ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வொரு தொகைக்கும் காரணமான வரியைக் கண்டுபிடியுங்கள். அடுத்த இரண்டு சம்பள நாளுக்கும் இரண்டு கணினியிலும் கணக்கு ஓடட்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகு பழையதை அணைக்கலாம்.